வெளிச்சுவரில் கிளாஸ் பிளாக்: எங்கே வைக்கலாம், எப்படிக் கட்ட வேண்டும்

கிளாஸ் பிளாக் பார்ப்பதற்குச் செங்கல் மாதிரி இருக்கும். கலவை வைத்து ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் அடுக்குவார்கள். அதனால் செங்கல் கட்டத் தெரிந்த எவரும் இதையும் கட்டிவிடலாம் என்று தோன்றும். வெளிச்சுவரில் சில வருடங்களிலேயே விரிசல் விட்டு மழைக்கு ஒழுகத் தொடங்கும் கிளாஸ் பிளாக் வேலைகளைப் பிரித்துப் பார்த்தால், கோளாறு பெரும்பாலும் இந்த எண்ணத்திலிருந்துதான் தொடங்கியிருக்கும். கிளாஸ் பிளாக் சுவர் வீட்டின் பாரத்தைத் தாங்காது. அது ஒரு சட்டத்துக்குள் நிற்கும் பெரிய, திறக்க முடியாத ஜன்னல். சுற்றியுள்ள தூணும் லிண்டலும் அசையும்போது அந்த அசைவு கண்ணாடிக்கு வந்து சேரக்கூடாது. இதைப் பிடித்துக்கொண்டால், கீழே வரும் அளவுகளுக்கும் இடைவெளிகளுக்கும் காரணம் தானாக விளங்கும்.

கல்லுக்குள் என்ன இருக்கிறது

உருகிய கண்ணாடியை அச்சில் அழுத்தி, ஒரு பக்கம் திறந்த பெட்டி போல இரண்டு பாதிகளைச் செய்கிறார்கள். விளிம்புகளை மறுபடி சூடேற்றி இரண்டையும் ஒட்டுகிறார்கள். ஒட்டும் நேரத்தில் உள்ளே சிக்கிய காற்று கடும் சூட்டில், ஈரமில்லாமல் இருக்கும். கல் ஆறியதும் அதன் அழுத்தம் வெளிக்காற்றைவிட வெகுவாகக் குறைந்துவிடும். ஒட்டு நன்றாக இருக்கும்வரை உள்ளே தூசியும் போகாது, ஈரமும் போகாது. நடுவில் இருக்கும் இந்தக் காற்றறைதான் வெப்பத்தையும் சத்தத்தையும் ஓரளவு தடுக்கிறது.

வீடுகளுக்கு அதிகம் பயன்படுவது 190 × 190 × 80 மி.மீ. கல். 10 மி.மீ. ஜாயிண்ட் சேர்த்தால் ஒரு கட்டம் 200 மி.மீ. ஆகும், ஆக ஒரு சதுர மீட்டருக்கு 25 கல். ஒரு கல் ஏறக்குறைய 2.4 கிலோ. கலவையும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 80 முதல் 100 கிலோ வரை எடை வரும். அரை அங்குலப் பூச்சோடு ஒட்டி நிற்கும் அலங்காரப் பொருள் என்று நினைத்துவிடக் கூடாது. அடியில் அதைத் தாங்க உறுதியான பீமோ ஸ்லாபோ வேண்டும்.

இதே அளவில் அகலம் பாதியான 90 மி.மீ. கல்லும், 240, 300 மி.மீ. பெரிய கற்களும், முழுக்கக் கண்ணாடியாலேயே ஆன கனமான கல்லும் கிடைக்கின்றன. முழுக் கண்ணாடிக் கல் தாக்குதலையும் தீயையும் கூடுதலாகத் தாங்கும். ஆனால் உள்ளே காற்றறை இல்லாததால் வெப்பத்தை அதிகம் கடத்தும். வீட்டு முகப்புக்குச் சாதாரண உள்கூடு உள்ள கல்லே போதும்.

மேற்பரப்பு வடிவம் பல வகை. தெளிவான கண்ணாடி, அலை அலையானது, நெடுங்கோடுகள், பனி படர்ந்தது போன்ற மங்கல் என்று வரும். நல்ல தயாரிப்பில் இந்த வடிவம் கல்லின் உட்பக்கத்தில்தான் இருக்கும், தொட்டால் வெளிப்பக்கம் வழவழப்பாக இருக்கும். வெளிச்சுவருக்கு இது முக்கியம். மேடு பள்ளம் வெளியே இருந்தால் அதில் தூசி படிந்து, ஒவ்வொரு மழைக்கும் கோடு கோடாக அழுக்கு இறங்கும். வண்ணக் கல் வேண்டுமானால் கண்ணாடியிலேயே நிறம் கலந்ததைக் கேட்டு வாங்குவது நல்லது. வெளிப்பக்கத்தில் வண்ணம் பூசிய கல் வெயிலிலும் மழையிலும் நிறம் இழந்து உரியும்.

இந்தப் பொருளுக்கு நூறு வருடத்துக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. ஸ்விட்சர்லாந்துக் கட்டிடக் கலைஞர் குஸ்தாவ் ஃபால்கோனியே ஊதிச் செய்த கண்ணாடிக் கல்லுக்கு 1886-ல் காப்புரிமை பெற்றார். பாரிஸில் பியர் ஷரோ வடிவமைத்து 1932-ல் முடிந்த ‘மேசோன் த வேர்’ வீட்டின் முகப்பு முழுவதுமே கண்ணாடிக் கட்டங்கள்தான். அந்த முகப்பை எஃகுச் சட்டம் தாங்குகிறது, கண்ணாடி இடத்தை நிரப்புகிறது. ஹிரோஷிமாவில் ஹிரோஷி நகமுரா 2012-ல் கட்டிய வீட்டில், தெருவின் இரைச்சலைத் தடுக்க 8.6 மீட்டர் உயர, 8.6 மீட்டர் அகலக் கண்ணாடிச் சுவர் ஒன்று நிற்கிறது. அதில் சுமார் 6,000 முழுக் கண்ணாடிக் கற்கள். அவற்றின் வழியே எஃகுக் கம்பிகளைச் செலுத்தி, மேலிருக்கும் பீமிலிருந்து தொங்கவிட்டிருக்கிறார்கள். மெச்சத்தக்க இந்த வேலைகள் எதிலும் கண்ணாடி தன் காலில் தானே நிற்கவில்லை.

எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

வெளிச்சம் வேண்டும், பார்வை மறைய வேண்டும், காற்று வேறு வழியில் வரும் என்ற மூன்றும் கூடும் இடம்தான் கிளாஸ் பிளாக்குக்கு ஏற்ற இடம். மாடிப்படிக் கூடம், குளியலறையின் மேல்பகுதி, பக்கத்து வீட்டை ஒட்டிய குறுகலான நடை, வாசல் கதவின் பக்கவாட்டு ஆகியவை நல்ல இடங்கள். தெளிவான கல் ஏறக்குறைய முக்கால் பங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். மங்கல் கல்லில் அது சற்றுக் குறையும், ஆனால் ஒளி பரவலாகச் சிதறி விழுவதால் அறை சீராக வெளிச்சமாகும்.

மறைப்பு பற்றி ஒரு எச்சரிக்கை. பகலில் வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே எதுவும் தெளிவாகத் தெரியாது. இரவில் உள்ளே விளக்கு எரிந்தால் கண்ணாடிக்கு அருகில் நிற்பவரின் உருவ நிழல் வெளியே தெரியும். குளியலறைக்கு அலைக் கல்லைவிட மங்கல் கல் நல்லது. குளிக்கும் இடத்தை ஒட்டி வைக்காமல் தலைக்கு மேலே வைப்பது அதைவிட நல்லது.

வெப்ப விஷயத்தில் விளம்பரங்கள் பாதியைத்தான் சொல்கின்றன. 80 மி.மீ. கல்லின் யு-மதிப்பு, அதாவது வெப்பம் எவ்வளவு எளிதாகக் கடக்கும் என்பதன் அளவு, சுமார் 2.9. ஒற்றைக் கண்ணாடியின் 5.7-உடன் ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதி வெப்பம்தான் கடக்கும், சாதாரண இரட்டைக் கண்ணாடிக்குச் சமம். இது உண்மை. ஆனால் இந்தக் கணக்கு உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டால் கடத்தப்படும் வெப்பத்துக்கு மட்டும்தான். நேராக விழும் வெயிலுக்கு இது பொருந்தாது. தெளிவான கல் தன்மேல் படும் சூரிய வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கை உள்ளே விட்டுவிடும். மாலை வெயிலில் மேற்குச் சுவரின் ஒரு சதுர மீட்டரில் 600 வாட்டுக்குக் குறையாமல் விழலாம். 3 சதுர மீட்டர் கிளாஸ் பிளாக் அங்கே இருந்தால், 1,200 வாட் ஹீட்டர் ஒன்றை மாலை முழுக்க எரியவிட்டது போலத்தான். ஜன்னல் என்றால் திறந்து வெப்பத்தை வெளியேற்றலாம், திரை போடலாம். இதில் அந்த வசதி இல்லை. எனவே நேர் வெயில் குறைவான திசையில் வையுங்கள். வேறு வழியில்லாமல் மேற்கில் வைத்தால், தாழ்ந்த வெயிலுக்கு மேலே நீட்டிய சன்ஷேடு மட்டும் உதவாது. கண்ணாடிக்கு முன்னால் நெடுக்காகச் சட்டங்களோ துளைகள் கொண்ட ஜாலித் தடுப்போ நிறுத்த வேண்டும்.

சத்தத்தைத் தடுப்பதில் இது நன்றாகவே வேலை செய்யும். குறை இல்லாமல் கட்டிய 80 மி.மீ. சுவர் சுமார் 40 டெசிபல் குறைக்கும். பரபரப்பான சாலையை ஒட்டிய வீட்டுக்கு இதுவே பெரிய நிம்மதி.

வைக்கவே கூடாத இடம் ஒன்று உண்டு. படுக்கையறைக்கு இருக்கும் ஒரே ஜன்னலை எடுத்துவிட்டு அதில் கிளாஸ் பிளாக் போடாதீர்கள். தீப்பிடித்தால் அந்த வழியாக வெளியேற முடியாது. பக்கத்துக் கட்டிடத்துக்கு மிக அருகில், தீத்தடுப்புச் சுவர் இருக்க வேண்டிய இடத்திலும், அதற்கென்று சோதித்துச் சான்று பெற்ற கல்லும் முறையும் இல்லாமல் வைக்கக்கூடாது. குளியலறை, படிக்கூடம் போன்ற இடங்களில் நான்கு கல் இடத்துக்குத் திறந்து மூடும் சிறு ஜன்னலையோ எக்ஸாஸ்ட் ஃபேனையோ திட்டமிடும்போதே சேர்த்துவிடுங்கள். கட்டி முடித்த பிறகு ஓட்டை போட முடியாது. கிளாஸ் பிளாக்கை வெட்டவும் முடியாது, துளையிடவும் முடியாது. உள்ளே அழுத்தம் குறைந்திருப்பதால் கூடு திறந்த அந்த நொடியே கல் பாழ்.

எவ்வளவு பெரிதாகக் கட்டலாம்

கிளாஸ் பிளாக்கைச் செங்கல் போல மாற்றி மாற்றி வைப்பதில்லை. ஜாயிண்ட் எல்லாம் நேர்கோட்டில் வரும். ஒரு கல் இன்னொன்றைப் பூட்டிப் பிடிக்காது. ஆகவே காற்று தள்ளும்போது சுவர் வளைந்தால், ஜாயிண்ட் கோட்டிலேயே திறந்துகொள்ளும். அதைத் தடுப்பது ஜாயிண்டுக்குள் போகும் கம்பியும், ஓரங்களில் தூண் தரும் பிடிப்பும்தான்.

ஆகவே ஒரே துண்டாக எவ்வளவு பெரிதாகக் கட்டலாம் என்பதற்கு எல்லை இருக்கிறது. அமெரிக்கக் கட்டுமான விதிகளில் சுமார் 80 மி.மீ. கனமுள்ள மெல்லிய கல்லுக்கு ஒரு துண்டின் பரப்பு 7.9 சதுர மீட்டருக்கும், அகலம் ஏறக்குறைய 4.6 மீட்டருக்கும், உயரம் 3 மீட்டருக்கும் மிகக்கூடாது. காற்று வீசிச் சுவரைத் தள்ளும் அழுத்தம் 958 பாஸ்கலைத் தாண்டும் இடத்தில் அந்தக் கல்லையே பயன்படுத்தக்கூடாது. உங்கள் ஊர் விதி வேறு எண்களைச் சொல்லலாம், அதைத்தான் பின்பற்ற வேண்டும். தொடங்குபவருக்கு மேலே சொன்னது நல்ல அளவுகோல். இதைவிடப் பெரிய முகப்பு வேண்டுமென்றால் நடுவில் தூணோ பீமோ கொடுத்துத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். இரண்டு தளத்துக்கு நீளும் படிக்கூடக் கண்ணாடியைத் தளத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிடுவது புத்திசாலித்தனம். நடுவே வரும் பீம் வெளியிலிருந்து ஒரு கோடாகத்தான் தெரியும், அழகைக் கெடுக்காது.

மேலே வரும் லிண்டல் எவ்வளவு தொய்யலாம் என்பதையும் அதே விதிகள் சொல்கின்றன. நீளத்தில் 600-ல் ஒரு பங்குக்கு மேல் கூடாது. 2.4 மீட்டர் லிண்டல் என்றால் 4 மி.மீ. அந்த 4 மி.மீ. தொய்வை வாங்கிக்கொள்ள மேலே இடைவெளி இல்லையென்றால், லிண்டல் நேராகக் கண்ணாடிமேல் உட்காரும்.

வெப்பத்தில் கண்ணாடி விரிவதுதான் விரிசலுக்குக் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3 மீட்டர் சுவர், 40 டிகிரி வெப்ப மாற்றம் என்றால் கண்ணாடி ஒரு மில்லிமீட்டர் அளவுதான் நீளும். லிண்டலின் தொய்வும், கான்கிரீட் காயும்போது சுருங்குவதும்தான் இதைவிடப் பெரிய தொல்லை. ஆகவே புதுக் கான்கிரீட்டுக்கு எவ்வளவு நாள் விட்டுக் கட்டுகிறோமோ அவ்வளவு நல்லது. பூச்சு வேலைக்கு முன், கட்டிடத்தின் பாரம் முழுவதும் இறங்கிய பிறகு கிளாஸ் பிளாக்கைத் தொடங்குங்கள்.

வளைந்த சுவரும் கட்டலாம். கல்லை வளைக்க முடியாது, ஜாயிண்டைத்தான் உள்பக்கம் குறுக்கி வெளிப்பக்கம் அகட்ட வேண்டும். உள்ளே 5 மி.மீ., வெளியே 15 மி.மீ. என்று வைத்தால், 190 மி.மீ. கல்லுக்கு உள்வளைவின் ஆரம் 195-ஐ 80-ஆல் பெருக்கி 10-ஆல் வகுத்தால் வருவது, அதாவது 1.56 மீட்டர். இதைவிட இறுக்கமாக வளைக்க வேண்டுமென்றால் 90 மி.மீ. கல்லை நட்டுக்குத்தாக வையுங்கள், 76 செ.மீ. ஆரம் வரை வரும்.

திறப்பும் பொருள்களும்

முகப்பில் 6 கல் அகலம், 12 கல் உயரம் உள்ள ஒரு துண்டை எடுத்துக்கொள்வோம். 6 கல்லும் நடுவே 5 ஜாயிண்டும் சேர்ந்தால் 1,190 மி.மீ. இரு பக்கமும் 20 மி.மீ. கலவை, அதை அடுத்து, அசைவை வாங்கிக்கொள்ள 10 மி.மீ. நுரைப் பட்டை. ஆகத் திறப்பின் அகலம் 1,250 மி.மீ. உயரத்துக்கு 12 கல்லும் 11 ஜாயிண்டும் 2,390 மி.மீ., அடியில் 20 மி.மீ. கலவை, மேலே 20 மி.மீ. கலவையும் 10 மி.மீ. பட்டையும். மொத்தம் 2,440 மி.மீ. கல்லை வெட்ட முடியாது என்பதால், திறப்பை விட்டுவிட்டுப் பிறகு கல்லைத் தேடுவது தலைகீழ் வேலை. கல்லை முடிவு செய்து, அதன் உண்மை அளவை அளந்து, பிறகுதான் திறப்பை விட வேண்டும். பூச்சின் கனத்தையும் கழிக்க மறக்காதீர்கள்.

இந்தத் துண்டுக்கு 72 கல் வேண்டும். உடைவதற்கும் பின்னாளில் மாற்றுவதற்கும் சேர்த்து 78 வாங்குங்கள். ஜாயிண்ட் இடைவெளியைச் சீராக வைக்கும் ஸ்பேசர் ஒவ்வொரு மூலைச் சந்திப்புக்கும் ஒன்று, அதாவது 7 × 13 = 91. வெள்ளை சிமென்ட் 20 கிலோ, சலித்த நைஸ் வெள்ளை மணல் 60 கிலோ, அல்லது கிளாஸ் பிளாக்குக்கென்றே வரும் தயார் கலவை 80 கிலோ. 6 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி சுமார் 12 மீட்டர். பக்கத் தூணில் பிடிக்க, துளையிட்ட மெல்லிய ஸ்டெயின்லெஸ் பட்டைகள் பத்து, மேலே இரண்டு. அடியில் பூசத் தாரெண்ணெய்க் கலவை (பிட்டுமன் எமல்ஷன்), ஓரத்துக்கு 10 மி.மீ. நுரைப் பட்டை, நியூட்ரல் வகை சிலிகான் மூன்று குழாய்.

மூன்று பொருளில் சிக்கனம் பார்க்க வேண்டாம். முதலாவது கம்பி. சாதாரண இரும்புக் கம்பி மலிவு, ஆனால் வெளிச்சுவரில் ஈரம் எப்படியும் உள்ளே போகும். துருப் பிடித்த இரும்பு தன் பழைய பருமனைவிடப் பல மடங்கு உப்பும். 10 மி.மீ. ஜாயிண்டுக்குள் உப்ப இடமில்லாததால் கல்லின் விளிம்பைத்தான் பிளக்கும். இரண்டாவது மணல். உப்பும் மண்ணும் கலந்த மணல் போட்டால் ஜாயிண்டில் வெள்ளை பூக்கும், கறையும் இறங்கும். மூன்றாவது சிலிகான். புளித்த காடி வாடை அடிக்கும் மலிவு வகை, சிமென்டோடு சரியாக ஒட்டாது, ஒரு வருடத்தில் உரிந்துவரும்.

கட்டும் முறை

முதலில் அடி மேடை. வெளிப்பக்கமாகச் சாய்வு இருக்க வேண்டும், அடியில் நீர் சொட்டி விழ ஒரு பள்ளக்கோடு வேண்டும். சுவர் உட்காரும் அகலத்துக்கு மட்டும் மட்டம் பார்த்துச் சமன் செய்து, தாரெண்ணெய்க் கலவையை இரண்டு கோட் பூசிக் காயவிடுங்கள். இதன் வேலை ஒட்டுவது அல்ல. அடிக் கலவையும் மேடையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளாமல் பிரித்து வைப்பதுதான். மேடை கொஞ்சம் நகர்ந்தாலும் கண்ணாடி அதனுடன் இழுபடாது. பக்கத் தூண்களிலும் லிண்டலின் அடியிலும் நுரைப் பட்டையை ஒட்டுங்கள். பட்டைக்குள் கலவை விழுந்து நிரம்பினால் அந்த இடைவெளி இருந்தும் பயனில்லை.

கலவையில்தான் வேலையின் உயிர் இருக்கிறது. செங்கல் கலவையிலிருக்கும் நீரை உறிஞ்சும், அதனால் வைத்த சில நிமிடங்களில் கலவை இறுகி அடுத்த வரிசையைத் தாங்கும். கண்ணாடி ஒரு துளி நீரையும் உறிஞ்சாது. செங்கலுக்குக் குழைக்கும் இளகலில் குழைத்தால் கல் வழுக்கும், எடையில் அடி ஜாயிண்ட் பிதுங்கும், நீர் மேலே கசிந்து கலவை உதிரியாகும். ஒரு பங்கு வெள்ளை சிமென்ட், மூன்று பங்கு மணல், கையில் உருண்டை பிடித்தால் உதிராமலும் விரலிடுக்கில் நீர் கசியாமலும் நிற்கும் பதம். ஒரு மணி நேரத்தில் முடிக்கக்கூடிய அளவுதான் ஒரு தடவைக்குக் குழைக்க வேண்டும். இறுகத் தொடங்கிய கலவையில் மறுபடி நீர் ஊற்றித் தளர்த்துவது வேண்டாம்.

அடியில் 20 மி.மீ. கலவையை முழு அகலத்துக்கும் பரப்புங்கள். செங்கலுக்குச் செய்வது போலக் கரண்டி நுனியால் நடுவில் வாய்க்கால் இழுக்காதீர்கள். செங்கலில் அந்தப் பள்ளம் அழுந்தி நிரம்பிவிடும். கிளாஸ் பிளாக்கில் நிரம்பாது. பின்னாளில் மழைநீர் ஓடும் குழாய் அதுதான். கல்லின் பக்க விளிம்பிலும் கலவையை நிறைவாக வைத்து, ஸ்பேசரில் பொருத்தி, ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டி உட்கார வையுங்கள். கரண்டியின் இரும்பால் தட்டினால் உடனே உடையாவிட்டாலும் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். அது பிறகு நீளும். ஒவ்வொரு வரிசைக்கும் ரசமட்டம், தூக்குக்குண்டு இரண்டும் பாருங்கள். இந்தக் கட்டங்களில் 2 மி.மீ. கோணல் வந்தாலும் தெருவிலிருந்தே தெரியும்.

இரண்டு வரிசைக்கு ஒருமுறை, அதாவது 400 மி.மீ. இடைவெளியில் கம்பி வரும். ஜாயிண்டில் பாதிக் கலவை வைத்து, இணையாக இரண்டு கம்பிகளை அழுத்தி, மீதிக் கலவையால் மூடுங்கள். கம்பி கண்ணாடியைத் தொடவே கூடாது. கல்லின் விளிம்பு உள்வாங்கிய வடிவில் இருப்பது இதற்கான இடம் தருவதற்காகத்தான். நீளம் போதாமல் சேர்க்க நேர்ந்தால் 150 மி.மீ. ஒன்றின்மேல் ஒன்று வர வேண்டும். கம்பி நுரைப் பட்டைக்கு இப்பாலேயே முடிய வேண்டும், தூணுக்குள் போகக்கூடாது. தூணோடு இணைக்கும் வேலை அந்த மெல்லிய ஸ்டெயின்லெஸ் பட்டைகளுடையது. அதே வரிசையில், ஒரு முனையைத் தூணில் திருகி, மறு முனையைக் கலவைக்குள் படுக்க வையுங்கள். காற்று தள்ளும்போது சுவர் வெளியே சாயாமல் அவை பிடிக்கும், சுவர் நெடுக்கிலும் குறுக்கிலும் அசைந்தால் வளைந்து கொடுக்கும். இந்த ஸ்டெயின்லெஸ் பட்டைக்குப் பதில் தூணில் யு வடிவ அலுமினியச் சேனலும் வைக்கலாம். அப்போது ஓரக் கல் சேனலுக்குள் சுமார் 25 மி.மீ. நுழைய வேண்டும், திறப்பின் அளவையும் அதற்கேற்ப மாற்றிக் கணக்கிட வேண்டும். காற்று அதிகம் அடிக்கும் மேல்தளத்தில் நெடுக்கு ஜாயிண்டிலும் கம்பி வையுங்கள்.

ஒரே நாளில் 12 வரிசையையும் ஏற்றிவிடலாம் என்று ஆசைப்பட வேண்டாம். நான்கைந்து வரிசையோடு நிறுத்துங்கள். கலவை இறுகிய பிறகு ஒரு கல் கோணல் என்று தெரிந்தால் அதைத் தட்டித் திருப்பாதீர்கள், ஒட்டு விட்டுவிடும். அந்தக் கல்லை எடுத்துப் புதிய கலவையில் வேறு கல்லை வையுங்கள்.

கலவை கட்டைவிரல் அழுத்தத்துக்குப் பதிந்து, ஒட்டாத பதத்துக்கு வந்ததும், ஸ்பேசரின் வெளித்தகட்டைத் திருகி ஒடித்துவிட்டு, ஜாயிண்டைப் பாயின்டிங் செய்யுங்கள். உருண்டைக் கம்பியால் அழுத்தி உள்வளைவாக இழுக்க வேண்டும். அழகுக்காக மட்டும் இது இல்லை. அழுத்தியதால் இறுகிய மேற்பரப்புதான் மழையைத் தடுக்கும். கண்ணாடிமேல் படிந்த கலவைப் பனியை அன்றே ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். மறுநாள் வரை விட்டால் உரசத்தான் வேண்டியிருக்கும், உரசினால் கண்ணாடி கீறும். அமிலம் ஊற்றிக் கழுவுவது இன்னும் மோசம், ஜாயிண்டை அரித்துக் கம்பி வரை போகும்.

கலவை நன்றாகக் காய்ந்த பிறகு, ஓர நுரைப் பட்டையின் வாயை உள்ளும் வெளியும் சிலிகானால் மூடுங்கள். 10 மி.மீ. அகலம், 6 மி.மீ. ஆழம் போதும். வெளிப்பூச்சு வேலை செய்பவருக்கு இந்த இடைவெளி எதற்கு என்று சொல்லி வையுங்கள். ஏதோ விடுபட்டது என்று நினைத்துச் சிமென்ட் பூசி அடைத்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. அத்தனை கவனமும் அந்த ஒரு கரண்டிப் பூச்சில் வீணாகும்.

கோளாறும் காரணமும்

மேல் வரிசைக் கற்களில் மூலையிலிருந்து விரிசல் கிளம்பினால், லிண்டல் கண்ணாடிமேல் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். கல்லை மாற்றினால் மட்டும் சரியாகாது, மேல் இடைவெளியைத் திறந்தாக வேண்டும். நெடுக்கு ஜாயிண்டில் மேலிருந்து கீழே ஒரே கோடாக விரிந்தால், குறுக்குக் கம்பி இல்லை அல்லது இரு பக்கமும் தூணோடு இறுகிவிட்டது. கம்பி போகும் வரிசையில் மட்டும், இரண்டு வரிசைக்கு ஒருமுறை விளிம்பு பிளந்து பழுப்புக் கறை இறங்கினால் அது துரு.

ஒரு கல்லுக்குள் மட்டும் பனி படிந்து நீர்த்துளி தெரிந்தால் அதன் ஒட்டு விட்டுவிட்டது. துடைக்க வழியே இல்லை, அந்தக் கல்லை மாற்றத்தான் வேண்டும். எல்லாக் கல்லின் மேற்பரப்பிலும் நீர் பூத்தால் அது வேறு விஷயம். உள்ளே ஈரக் காற்று, வெளியே குளிர் என்றாலோ, ஏசி அறைக்கு வெளியே புழுக்கம் என்றாலோ அப்படி ஆகும். சுவரில் குறை இல்லை. உள்பக்கம் பூத்தால் காற்றோட்டம்தான் போதவில்லை.

ஒழுகல் அநேகமாக ஜாயிண்டு வழியாகத்தான். கண்ணாடி வழியே நீர் வராது. வெளியே குழாய் வைத்து, அடி வரிசையிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு வரிசையாக நனைத்து, உள்ளே எப்போது ஈரம் வருகிறது என்று பாருங்கள். மேலிருந்து தொடங்கினால் இறங்கும் நீர் எல்லா இடத்தையும் நனைத்து, இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் செய்துவிடும். குறை தெரிந்த ஜாயிண்டை 10 மி.மீ. ஆழத்துக்குச் சுரண்டி, புதுக் கலவையை அழுத்தி நிரப்புங்கள். மேலே சிலிகான் தடவி மறைத்தால் உள்ளே போன நீர் வெளியேற வழியில்லாமல் கம்பியோடு தங்கிவிடும்.

உடைந்த ஒரு கல்லை மாற்றுவது

பக்கத்துக் கற்களுக்குச் சேதமில்லாமல் ஒரு கல்லை மாற்றலாம். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குக் கனமான உறை போட்டுக்கொண்டு, கல்லின் இரு பக்கமும் அகலமான டேப்பை ஒட்டி, தடித்த துணியால் மூடி, நடுவில் தட்டி உடையுங்கள். உள்ளே அழுத்தம் குறைவாக இருப்பதால் கூடு திறக்கும்போது ‘டப்’ என்று சத்தம் வரும், சில்லுகள் உள்நோக்கி விழும். துண்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு எடுத்து வாருங்கள். பழைய கலவையைச் சிறு உளியால், பக்கத்துக் கல்லை நோக்கி அடிக்காமல் இணையாகச் சீவி எடுங்கள். கம்பி வந்தால் வெட்ட வேண்டாம், அதைச் சுற்றிச் சுத்தம் செய்தால் போதும். அடியிலும் பக்கத்திலும் கலவை வைத்து, சிறு மர ஆப்புகளால் கல்லை நடுவில் நிறுத்தி, மேல் ஜாயிண்டை இரு பக்கத்திலிருந்தும் திணித்து நிரப்புங்கள். மறுநாள் ஆப்புகளை எடுத்து அந்தக் குழிகளை அடையுங்கள்.

இதற்காகத்தான் ஆறு கல் கூடுதலாக வாங்கச் சொன்னது. அவற்றைத் தயாரிப்பாளர் பெயரும் வடிவத்தின் பெயரும் உள்ள பெட்டியோடு எடுத்து வையுங்கள். அலை வடிவம் ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஒவ்வொரு மாதிரி, கண்ணாடியின் பச்சைச் சாயலும் மாறும். 190 மி.மீ. சுவரில் எட்டு அங்குலக் கல் என்று கேட்டு வாங்கிவந்தால், உண்மையில் அது சுமார் 197 மி.மீ. இருக்கும். நுழையும், ஆனால் சுற்றிலும் ஜாயிண்ட் மெலிந்து, முகப்பில் அந்த ஒரு கட்டம் மட்டும் தனியாகத் தெரியும்.